ஏழு, மேலிருந்து கீழ்

ஹேமாவதி எதையும் முதல் தடவையிலேயே நம்பிவிடுகிறவள் அல்ல. தேனி விதைப் பரிசோதனை நிலையத்தில் பார்த்த இருபத்தேழு வருட வேலை அவளை அப்படி ஆக்கியிருந்தது. மூட்டையின் மேல் எவ்வளவு பெரிய எழுத்தில் தரச்சான்று அச்சடித்திருந்தாலும், அதிலிருந்து விதைகளை எண்ணி எடுத்து, நனைத்த தாளில் சுருட்டி வைத்து, முளைத்தது எத்தனை, ஊமையாகக் கிடந்தது எத்தனை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் சீட்டில் கையெழுத்துப் போடுவாள். சந்தையில் 'இன்னைக்குப் பறிச்சது' என்று யாராவது சொன்னால் காம்பைக் கிள்ளிப் பார்ப்பாள். மருந்துக்கடையில் அட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பாள். தம்பி மனைவி தவமணி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. சின்னமனூரில் அப்பா கட்டிய வீட்டில் தம்பி விஜய்பாண்டியின் குடும்பத்தோடு இருந்தாள். பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் தம்பிக்கு ஜெராக்ஸ் கடை. மனு எழுதித் தருவான், கம்ப்யூட்டரில் அடித்தும் தருவான். அவன் மகள் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்கும் தம்பிக்கும் இடையில் காலையில் ஒரு அரைமணி நேரம் உண்டு. ஆறு மணிக்குப் பேப்பர் விழும். விஜய்பாண்டி உள்பக்கத்தைப் பிரித்துக் குறுக்கெழுத்துப் புதிரை மேலே வருகிற மாதிரி மடித்துக்கொண்டு, பேனாவோடு சாப்பாட்டு மேஜையில் உட்காருவான். ஹேமாவதி எதிரே காப்பியோடு உட்காருவாள். அவன் குறிப்பை வாசிப்பான், யாருக்கு முதலில் வருகிறதோ அவர்கள் சொல்ல வேண்டும்.

"திரும்பி நிற்கும் சிவா, படிக்கச் சொல்கிறார். ரெண்டெழுத்து."

"வாசி."

"வாசிக்கா வாசி! தலை போன புலவர் இங்கிலீஷில் காதலிக்கிறார். மூணெழுத்து."

அதற்கு இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். லவர் என்று அவன் எழுதிக்கொண்டான்.

வார்த்தை விஷயத்தில் விஜய்பாண்டிதான் கெட்டிக்காரன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அகராதியைப் பார்த்து அரிய சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வான். ஹேமாவதி நிதானம். அவன் அவசரமாக எழுதிவிடுவதை அவள் நிறுத்தி, குறுக்கே வரும் எழுத்து பொருந்துகிறதா என்று பார்ப்பாள். கட்டம் நிரம்பாமல் அவர்கள் எழுந்ததில்லை. முடியாமல் போனால் மத்தியானம் போன் வரும். "யக்கா, கெடைச்சிருச்சு" என்பான். அத்தனையையும் சந்தேகப்படுகிற ஹேமாவதி, சந்தேகமே படாமல் உட்கார்ந்த இடம் அந்த மேஜை ஒன்றுதான்.

இந்த வருடம் ஆடி மாதம், காற்று மேற்கிலிருந்து கதவைத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. ஏழாவது குறிப்பு இடமிருந்து வலம் 'கருவாட்டுக் குழம்புக்குத் துணை' என்று இருந்தது. மொச்சை என்றாள் அவள். கீழே ஓரிடத்தில் 'தேனி மாவட்டத்தில் நட்டு வைத்த தூண்' என்று போட்டிருந்தார்கள். நாலெழுத்து. கம்பம் என்று அவன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான். மளமளவென்று எல்லாம் நிரம்பின. ஏழு, மேலிருந்து கீழ் மட்டும் மீதி.

"வாசிடா" என்றாள்.

அவன் வாசிக்கவில்லை. பேனாவை மூடினான். "இது இன்னைக்கு வராதுக்கா. பெறகு பாப்போம். கடையில ஆளு வந்து நிப்பாக."

பேப்பரை மேஜையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான். ஹேமாவதி அதைத் திருப்பிப் பார்த்தாள். 'தலை மழித்துக்கொண்டு வரும் தபால்.' எட்டெழுத்து. மேலே மொச்சையின் 'மொ' இருந்தது. கடைசிக் கட்டத்தில் கம்பத்தின் 'ம்' இருந்தது.

மொட்டைக்கடிதம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்.

அவள் அதை எழுதவில்லை. பேப்பரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஏழு இருபது பஸ்ஸுக்குக் கிளம்பினாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது பழைய பேப்பர் அடுக்கில் அன்றைய பேப்பர் இருந்தது. அந்த உள்தாள் மட்டும் இல்லை. மறுநாள் காலையில் அவன் எப்போதும்போல நேற்றைய விடைகளைச் சத்தமாக வாசித்தான். ஆறு வாசித்தான், எட்டு வாசித்தான்.

அவனுக்குத் தெரியாத வார்த்தை என்றால் சரி. தெரிந்த வார்த்தையை ஒருவன் ஏன் விட்டுவிட்டுப் போக வேண்டும்? தாளை ஏன் கிழிக்க வேண்டும்? ஹேமாவதிக்கு அன்று ஆபீசில் எண்ணிய விதையையே மறுபடி எண்ண வேண்டியிருந்தது.

மொட்டைக் கடுதாசி அவள் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான் வந்திருந்தது. அதுவும் அவளுக்கு வரவில்லை. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், கம்பத்தில் முத்துக்குமரன் என்ற மாப்பிள்ளைக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் வந்து, பெண்ணுக்கு வலிப்பு நோய் இருப்பதாகக் கடுதாசி வந்திருக்கிறது, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அப்போது ஒரு கை ஒரு கால் விழுந்து படுக்கையில் கிடந்தார். அம்மா தெருவில் இறங்கி மண்ணை வாரித் தூற்றி, எழுதினவன் குடும்பம் விளங்காமல் போக வேண்டும் என்று கத்தினாள். வலிப்பு என்ற சொல் மட்டும் ஊர் ஊராகச் சுற்றியது. அதற்குப் பிறகு வந்த வரன்கள் வாசல்வரை வந்து விசாரித்துவிட்டுத் திரும்பின. பிறகு வருவதும் நின்றது.

பழி தவசி மேல் விழுந்தது. தவசி அவளுடைய அத்தை மகன், முறை மாப்பிள்ளை. ஜீப் டிரைவர். ஹேமாவதியைக் கேட்டு இல்லை என்று சொல்லப்பட்டவன். அந்த ஆத்திரத்தில் எழுதிவிட்டான் என்று எல்லோரும் பேசினார்கள். அவன் வீரபாண்டி கோயிலில் எல்லோர் முன்னாலும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினான். யாரும் நம்பவில்லை, ஹேமாவதியும் நம்பவில்லை. அப்பா சொந்தத் தங்கச்சியோடு பேச்சை விட்டார். அப்பா செத்தபோது அத்தை வந்தாள். அம்மா உள்ளே விடவில்லை. அத்தை வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனாள்.

இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இப்போது புதிதாக வேறொன்று நினைவுக்கு வந்தது. கடுதாசிச் செய்தி வந்த அன்று பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் அவன் எழுந்திருக்கவில்லை. அம்மா அவன் பக்கத்திலேயே இருந்தாள். இவள் கஞ்சி கொண்டுபோனபோதெல்லாம் வாசல்படியிலேயே வாங்கிக்கொண்டு, "நீ போத்தா, தூங்குறான்" என்றாள்.

பத்து நாள் அவள் இதையே உருட்டிக்கொண்டிருந்தாள். தம்பி சாப்பிடும்போது அவன் கையைப் பார்த்தாள். அவன் போனில் பேசும்போது குரலைக் கேட்டாள். அவன் சாதாரணமாகத்தான் இருந்தான், அந்தச் சாதாரணமும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை, சிநேகிதி வீட்டு விசேஷம் என்று தவமணியிடம் பொய் சொல்லிவிட்டுக் கம்பத்துக்குப் பஸ் ஏறினாள்.

முத்துக்குமரன் அங்கே சொட்டுநீர்க் குழாய் கடை வைத்திருப்பது அவளுக்குத் தெரியும். ஆபீசுக்கு வரும் திராட்சைத் தோட்டக்காரர்கள் அந்தக் கடைப் பேரைச் சொல்லக் கேட்டிருந்தாள். கருப்புக் குழாய்ச் சுருள்களுக்கு நடுவில் கண்ணாடி போட்ட ஒரு கனத்த மனிதர் உட்கார்ந்திருந்தார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. இவள் பேரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஒக்காருங்க. இங்கன வாங்க, காத்தாடிக்குக் கீழ."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் கடுதாசி இருக்கா?"

அவருக்கு எந்தக் கடுதாசி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "அம்மா பீரோவுல வச்சிருந்தாக. அவுக தவறுனப்ப வீட்டைச் சுத்தம் பண்ணுனோம். எரிச்சுட்டேன்."

"நீங்க படிச்சீகளா?"

"படிச்சேன். எழுத்து விசித்திரமா இருந்துச்சு. கூட்டி எழுதலை. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா, கட்டத்துக்குள்ள போட்ட மாதிரி. கையெழுத்து தெரியக்கூடாதுன்னு அப்பிடி எழுதியிருப்பாக போல."

ஹேமாவதி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வலிப்புன்னு எழுதியிருந்துச்சாம்ல."

"வலிப்புன்னு இல்லைங்க. அதுதான் எனக்கு இன்னமும் ஞாபகம் இருக்கு. 'பெண் அபஸ்மாரத்தால் பீடிக்கப்பட்டவள்'னு இருந்துச்சு. அபஸ்மாரம்னா என்னன்னு எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியலை. சித்தவைத்தியர்கிட்டக் கொண்டுபோய்த்தான் கேட்டாக. அவரு, காக்காய் வலிப்புன்னாரு. எழுதுனவரு பெரிய படிப்பாளி போலன்னு எங்கப்பா சொன்னாக. அதனாலயே நம்பிட்டாக."

"நீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்புனேன்னு சொல்ல முடியாது. அதே வாரம் போடியில வேற எடம் வந்துச்சு. வீட்டுல அதுல ஆசைப்பட்டாக. நானும் வாயைத் தொறக்கலை." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "யாருன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"தெரியலை" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

பஸ்ஸில் வரும்போது தவசியை நினைத்துப் பார்த்தாள். எட்டாவதோடு படிப்பை விட்டவன். தன் பேரையே அடித்துத் திருத்தி எழுதுகிறவன். அவன் வாயில் அபஸ்மாரம் நுழையுமா? இருபத்தாறு வருடமாக இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் கடுதாசியை இந்தப் பக்கம் யாருமே பார்க்கவில்லை. ஆனாலும் அவளுக்கு இன்னும் நிச்சயம் வரவில்லை. உலகத்தில் அந்த வார்த்தை தெரிந்தவன் தம்பி ஒருவன்தானா?

திங்கட்கிழமை காலையில் அவளே பேப்பரை எடுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் வாசிக்கிறேன். நீ சொல்லு."

விஜய்பாண்டி வாஷ்பேசின் கண்ணாடிக்கு முன்னால் நின்று முகத்தில் சோப்பு நுரை பூசிக்கொண்டிருந்தான். "வாசிக்கா" என்றான். அடுக்களையில் தவமணி மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். ஹேமாவதி வரிசையாக வாசித்தாள். அவன் நுரைக்கு நடுவிலிருந்து சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தாள். ஒன்பது வந்தது, பத்து வந்தது. பிறகு பேப்பரைப் பார்த்துக்கொண்டே, பேப்பரில் இல்லாத ஒன்றை வாசித்தாள்.

"பன்னெண்டு, மேலிருந்து கீழ். காக்காய் வலிப்பு, வடமொழியில். ஆறெழுத்து."

"அபஸ்மாரம்."

ரேசர் கன்னத்தில் பாதி வழி இறங்கியிருந்தது. மிக்ஸி நின்றது. அவன் கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தான். பிறகு ரேசரை வைத்துவிட்டு வந்து, ஈரக்கையாலேயே பேப்பரை வாங்கிப் பார்த்தான்.

"பன்னெண்டு 'உமி நீங்கிய நெல்'லுன்னுல்லக்கா போட்டிருக்கு. மூணெழுத்து."

"கம்பத்துக்குப் போயிருந்தேன் பாண்டி."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். பாதி முகத்தில் நுரை அப்படியே இருந்தது.

"அது... எங்கிட்டாவது படிச்சிருப்பேன்."

"எல்லாத்துக்கும் எங்கிட்டாவது படிச்சிருப்ப. மொட்டைக்கடிதத்துக்கு மட்டும் ஒனக்கு எழுத்து வரலை."

தவமணி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை, ஆனால் திரும்பிப் போகவும் இல்லை. விஜய்பாண்டி மேஜையைப் பார்த்தபடி பேசினான்.

"அம்மா சொல்லுச்சுக்கா."

"என்னன்னு?"

"அப்பா விழுந்து கெடக்காக. ஒன் சம்பளந்தான் சோறு. நீ போயிட்டா நான் காலேஜுக்குப் போக முடியாது. ரெண்டு வருசம் தள்ளிப் போகட்டும், பெறகு இதைவிட நல்ல எடமாப் பாத்து நாமளே முடிப்போம்னு சொல்லுச்சு. ரெண்டே வருசம்னுச்சுக்கா."

"நீ எழுதுன."

"எழுதுனேன். கையெழுத்து தெரியக்கூடாதுன்னு, புதிருக்கு எழுதுற மாதிரி தனித்தனியா எழுதுனேன்."

"அபஸ்மாரம்னு அம்மாவா சொல்லுச்சு?"

"அம்மா வலிப்புன்னு எழுதச் சொல்லுச்சு. நான்தான்... பெரிய ஆளு எழுதுன மாதிரி இருக்கட்டும்னு."

பதினேழு வயதில் அவன் நோட்டிலிருந்து அந்த வார்த்தையைத் தேடி எடுத்திருக்கிறான். எழுதிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறான். ஹேமாவதிக்கு அம்மா சொன்னதைவிட இதுதான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. சுவரில் மாலை போட்ட அம்மா படம் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"தவசி மச்சான் கற்பூரத்தை அணைச்சப்ப நீயும் அங்கனதானடா நின்ன?"

அவன் தலையாட்டினான். அழ ஆரம்பித்தான். தவமணி, "என்னங்க, என்ன பண்ணித் தொலைச்சீக?" என்று கேட்டாள். ஹேமாவதி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஏழு இருபது பஸ் போய்விட்டிருந்தது.

அவள் பஸ் நிறுத்தத்தில் நிற்கவில்லை. மேகமலைக்குப் போகிற ஜீப்புகள் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். தவசி இன்னமும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். எஸ்டேட்டுக்கு அரிசி, பருப்பு, ஆள் என்று ஏற்றிக்கொண்டு காலையில் ஒரு நடை போவான். இத்தனை வருடத்தில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவள் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு நடந்திருக்கிறாள். இன்று நேராகப் போய் நின்றாள். அவன் டயரைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, யாரோ சவாரிக்கு வந்தவளிடம் பேசுகிற மாதிரி, "மேலயா போகணும்?" என்றான்.

"இல்ல மச்சான். ஒங்களைத்தான் பாக்க வந்தேன்."

மச்சான் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "இப்ப எதுக்கு ஆத்தா வந்த? யாரும் செத்துப்போனாகளா?"

"அந்தக் கடுதாசியை யாரு எழுதுனாகன்னு தெரிஞ்சுபோச்சு."

"யாரு?"

வரும் வழியெல்லாம் அம்மா என்று மட்டும் சொன்னால் போதும் என்று நினைத்துக்கொண்டு வந்தாள். இப்போது அது வாயில் வரவில்லை. "அம்மா சொல்லுச்சு. பாண்டி எழுதுனான்."

தவசி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கோபப்படவில்லை.

"பாண்டி எழுதுனது எனக்குத் தெரியாது. ஒங்கம்மா மேல அப்பவே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு."

"எப்பிடி?"

"வீரபாண்டியில நான் கற்பூரத்துல கையை வைக்கும்போது எல்லாரும் சாமியைப் பாத்துக்கிட்டு நின்னாக. ஒங்கம்மா என் கையைப் பாத்துச்சு. சுட்டுருமோன்னு பயந்த மாதிரி பாத்துச்சு. நான் பொய் சொல்றேன்னு நெனைச்சிருந்தா, என் கை சுட்டா அதுக்கு என்ன பயம்?"

"ஏன் மச்சான் சொல்லலை?"

"சொன்னா நீ நம்பிருப்பியா?"

அவன் வண்டிக்குள் இருந்தவர்களை எண்ணினான். இன்னும் இரண்டு பேர் வர வேண்டியிருந்தது.

"எங்காத்தா கடைசி வரைக்கும் அண்ணன் வீடு அண்ணன் வீடுன்னே கெடந்துச்சு. வாசலோட அனுப்பிட்டாகளேன்னு ஒரு வார்த்தை சொல்லிச் சொல்லி அழுகும். நீ இன்னைக்கு வந்து சொல்ற. அதுகிட்டப் போய் நான் எப்பிடிச் சொல்லுவேன்?" ஸ்டியரிங்கைப் பிடித்து ஏறி உட்கார்ந்தான். "சொன்னதுக்குச் சந்தோசம். வீட்டுக்கு வா போன்னெல்லாம் நீயும் கூப்புடாத, நானும் கூப்புடலை."

"சரி மச்சான்" என்றாள்.

அன்று ஆபீசுக்கு ஒன்றேகால் மணி நேரம் தாமதமாகப் போனாள். அந்த மாதக் கடைசியில் தேனியில் ஆபீசுக்கு நடந்துபோகிற தூரத்தில் மாடியில் ஒரு சின்ன வீடு பிடித்தாள். விஜய்பாண்டி கட்டிலையும் பீரோவையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, மாடிக்குத் தூக்கிப் போட்டு, பல்ப் மாட்டி, தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்துக் கொடுத்தான். கிளம்பும்போது படியில் நின்றான்.

"ஞாயித்துக்கிழமை வரலாமாக்கா?"

"போன் பண்ணிட்டு வா."

அவன் வருகிறான். சில ஞாயிறு தவமணியும் கூட வருகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள், சாப்பிடுகிறார்கள். ஒருநாள் தவமணி கீழே கடைக்குப் போயிருந்தபோது அவன், "அம்மா சொன்னதாலதான்க்கா" என்று தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மறுபடி ஆரம்பித்தான். ஹேமாவதி பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கோயிலில் அம்மா பயந்துபோய்த் தவசியின் கையைப் பார்த்தது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அம்மாவுக்குத் தெரியும் என்பதற்குத்தான் அது சாட்சி. இரண்டு வருடம் தள்ளிப்போகட்டும் என்று முதலில் நினைத்தது யார்? காலேஜுக்குப் போக முடியாமல் போய்விடுமோ என்று படுக்கையில் புரண்டவன் யார்? கேட்டால் அவன் அம்மா என்றுதான் சொல்லுவான். அம்மா வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை.

"ஆறிப்போகுது, சாப்புடு" என்றாள்.